மகன் கையில் உங்கள் கார்டு

கேள்வி: நகரத்துக்கு வந்தபின் எனக்கும் மனைவிக்கும் நல்ல சம்பளம். வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். பத்து வயது மகன் சமர்த்து. ஃபோனில் என் கார்டைப் போட்டு, வேண்டியதை அவனே ஆர்டர் செய்து சாப்பிட்டுவிடுவான். இப்போது எடை அதிகம், ஆனால் ரத்தசோகையும் இருக்கிறது என்கிறார் டாக்டர். நல்ல சத்துமாவு ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: சத்துமாவு கிடக்கட்டும். பத்து வயதுப் பையன் உங்கள் கார்டை வைத்து இரவுச் சாப்பாட்டை முடிவு செய்கிறான். அதைச் சமர்த்து என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் உங்களிடம் விட்டிருந்தால் நீங்கள் என்ன வாங்கியிருப்பீர்கள்? பொரித்ததும் இனிப்பும்தானே? நேற்று வாங்கியதையே ஆப் இன்றும் முதலில் காட்டும். "போதும்டா" என்று சொல்ல வேண்டிய ஆள் ஒன்பது மணிக்குத்தான் வருகிறார்.

எடையும் ரத்தசோகையும் சேர்ந்து வருவதில் அதிசயம் இல்லை. மைதா, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் கலோரியை அள்ளிக் கொடுக்கும், இரும்புச்சத்து சொற்பம். போதாததற்கு, உடலில் கொழுப்பு மிகுந்தால் குடல் இரும்புச்சத்தை உறிஞ்சுவதும் குறையும். 330 மி.லி. கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை. சத்துமாவு டப்பாக்கள் பலவற்றிலும் சர்க்கரை உண்டு, லேபிளைப் படியுங்கள்.

1990இல் உலகில் 5 முதல் 19 வயதுள்ளவர்களில் 2 சதவீதம் பேருக்கு உடல்பருமன். 2022இல் 8 சதவீதம். அதற்குள் பிள்ளைகள் எல்லாரும் பெருந்தீனிக்காரர்கள் ஆகிவிட்டார்களா என்ன? கடை கைக்குள் வந்தது, விளையாட இடம் போனது, பெரியவர்கள் வீடு திரும்பும் நேரம் தள்ளிப்போனது. முதல் இரண்டையும் நீங்கள் ஒருவராக மாற்ற முடியாது. மூன்றாவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உடனே மனைவியை வேலையை விடச் சொல்லிவிடாதீர்கள். கடிதம் எழுதியவர் நீங்கள்; சமைக்க உங்களுக்கும் கை இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து ஏழு மணிக்குள் வீட்டுக்கு வாருங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும், பிள்ளைக்காகத்தானே சம்பாதிக்கிறோம் என்கிறீர்கள். பயறும் கீரையும் போட்டு ஏதாவது ஒன்றைச் சமைத்து, அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவன் வயதுக்குத் தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். இடமில்லையென்றால் கூட்டிக்கொண்டு நடங்கள்.

இரும்புச்சத்து மருந்தை டாக்டர் சொன்ன அளவில், சொன்ன காலம் வரை கொடுங்கள். கார்டை ஃபோனிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கத்துவான், தட்டைத் தள்ளுவான். அதற்கு வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.