நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜி சரியாக இருக்கிறது

அம்மா எதற்கெடுத்தாலும் பதறுவார். எனக்கும் அப்படியே வந்துவிட்டது. இது பரம்பரையா?

ஓரளவுக்கு. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளின்படி, பதற்ற நோய் ஒருவருக்கு வருவதிலும் இன்னொருவருக்கு வராததிலும் மரபணுக்களின் பங்கு சுமார் 30 முதல் 40 சதவீதம். மீதியெல்லாம் வளர்ந்த விதமும் வாழ்க்கையில் பட்ட அடிகளும். 1996-இல், மூளையின் வேதிப்பொருளான செரட்டோனினைக் கடத்துவதோடு தொடர்புடைய ஒரு மரபணுவைப் பதற்றச் சுபாவத்தோடு இணைத்து ஓர் ஆய்வு வந்தது. பல ஆண்டுகள் எல்லோரும் அதன் பின்னால் ஓடினார்கள். பல்லாயிரம் பேரிடம் சோதித்தபோது அந்தத் தொடர்பு தேறவில்லை. ஏராளமான மரபணுக்கள், ஒவ்வொன்றுக்கும் கடுகளவு பங்கு என்பதே இன்றைய நிலை. ஆகவே மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மாரடைப்பு என்று நினைத்து மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடினேன். எல்லாப் பரிசோதனையும் சரி. ‘ஒன்றுமில்லை, மனப்பிரமை’ என்று அனுப்பிவிட்டார்கள். பிரமையில் இப்படி வியர்க்குமா?

உங்களுக்கு வந்தது நிஜம். இதயத்தில் கோளாறு இல்லை என்பது வேறு, உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்பது வேறு. (தைராய்டு பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள். அது அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் நடுக்கமும் வரும்.)

நீங்கள் விவரிப்பது பேனிக் அட்டாக், அதாவது திடீரென வந்து தாக்கும் கடும் பீதி, போலத் தெரிகிறது. உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் இதற்குக் கொடுத்த விளக்கம் எளிமையானது. நெஞ்சு சற்று வேகமாக அடிக்கிறது. ‘மாரடைப்பு’ என்று மனம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. அந்தப் பயத்தில் நெஞ்சு இன்னும் வேகமெடுக்கிறது. ‘பார்த்தாயா, சொன்னேனே’ என்கிறது மனம்.

பயம் என்றாலே மூளையில் பாதாம்பருப்பு போலிருக்கும் அமிக்டலாவைச் சொல்வது வழக்கம். எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண்ணுக்கு, அரிய நோய் ஒன்றால் அது இருபுறமும் சிதைந்துவிட்டது. பாம்பைக் கூசாமல் கையில் பிடித்தவர் அவர். 2013-இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னார்கள். அவரே பீதியில் முகமூடியைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார். உடம்புக்குள்ளிருந்து எழும் அபாயமணிக்கு அமிக்டலா கட்டாயமில்லை என்று அன்று தெரிந்தது.

சிகிச்சை அறையில் நாங்கள் செய்வது வேடிக்கையாகத் தோன்றும். மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வோம். சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிடுவோம். தலை கிறுகிறுக்கும், நெஞ்சு திமுதிமுக்கும், நோயாளி என் கையைப் பிடிக்க வருவார். நான் கொடுக்க மாட்டேன். அட்டாக் தானாக அடங்குவதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் இதை வீட்டில் முயல வேண்டாம்.

மாத்திரை தொடங்கி ஐந்து நாள், பதற்றம் கூடியிருக்கிறது. நிறுத்திவிடட்டுமா? தோழியின் மாத்திரை அரை மணியில் கேட்கிறதாம்.

நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அளவைக் குறைத்துத் தொடங்க வழியுண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் எடுப்பது எஸ்எஸ்ஆர்ஐ வகை, மூளையில் செரட்டோனினைக் கூட்டும் மாத்திரை. முதல் ஒன்றிரண்டு வாரம் பதற்றத்தைக் கிளப்பிவிட்டு, நான்கு முதல் ஆறு வாரத்தில்தான் பலன் காட்டும். செரட்டோனினோ சில மணி நேரத்திலேயே கூடிவிடுகிறது. குறைந்ததை ஊற்றி நிரப்புகிறோம் என்ற பழைய விளக்கம் எனக்கு ஒட்டாமல் போனதற்கு இந்தத் தாமதமே காரணம்.

தோழியுடையது பென்சோடயசெபைனாக இருக்கலாம். லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த அந்த வகையின் முதல் மருந்து 1960-இல் விற்பனைக்கு வந்தது. மூளையின் பிரேக் போன்ற காபா என்ற வேதிப்பொருளுக்கு அது வலுக்கொடுக்கிறது, அதனால் வேகம். நாள்பட எடுத்தால் உடம்பு அதையே கேட்கும். திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம்.

காபி?

ஒரே தடவையில் 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் காஃபீன் கொடுத்த ஆய்வுகளில், பேனிக் நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அட்டாக் வந்தது. ஒரு கப்பில் அவ்வளவு இருக்காது. இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

மாத்திரைக்குப் பதில் தியானம் போதுமா?

சிலருக்குப் போதும். 2022-இல் வெளியான ஆய்வில் 276 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு எஸ்சிடலோபிராம் என்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையும் மற்றவர்களுக்கு எட்டு வார மனக்கவனத் தியானப் பயிற்சியும் கொடுத்தார்கள். இரண்டும் ஏறக்குறைய சமம். பக்கவிளைவு மாத்திரையில் அதிகம். ஆனால் அவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு, தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி. நினைத்தபோது ஐந்து நிமிடம் கண்மூடுவதற்கு இந்த முடிவு பொருந்தாது.

கணவர் உடன் வர, கையில் தண்ணீர் பாட்டிலோடு, எங்கள் அலுவலக லிஃப்டில் ஏறிப் பழகிப் பயத்தை விரட்டினேன். இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்துவிட்டது. எல்லாம் வீணா?

இல்லை. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், ஒரு சமிக்ஞை கிடைத்தாலே உணவை எதிர்பார்த்து எச்சில் ஊறும்படி பழக்கிய தன் நாய்களிடமே இதைக் கண்டார். உணவு தராமல் சமிக்ஞையை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எச்சில் ஊறுவது நின்றது. சற்று இடைவெளி விட்டால் மறுபடி ஊறியது. பழையது அழியவில்லை, அடங்கித்தான் இருந்தது. பயமும் அப்படியே. பயிற்சியில் அதன்மேல் புதிய பாடம் ஒன்று ஏறுகிறது, அந்தப் பாடம் படித்த இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் மூளை படித்தது, ‘கணவரும் பாட்டிலும் இருந்தால் இந்த லிஃப்டில் ஆபத்தில்லை’ என்பதை மட்டும். இம்முறை வெவ்வேறு கட்டிடங்களில், கூட்டமான நேரத்தில், தனியாக ஏறுங்கள். பாட்டிலைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள்.