பேழை என்ன, ஆளா?

அன்புள்ள ஐயா,

கொச்சி மட்டாஞ்சேரி பற்றிய கட்டுரையில், அங்குள்ள யூதர்களின் பரதேசி ஜெப ஆலயத்தில் பத்து ஆண்கள் சேராததால் முழு வழிபாடு நடக்காமல் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். தனியாக வேண்டினால் கடவுள் கேட்கமாட்டாரா? அது ஏன் பத்து? ஒன்பது பேர் இருந்தால் என்ன குறை?

க., கோவில்பட்டி

அன்புள்ள க.,

தனியாக வேண்டத் தடையே இல்லை. தினசரி மூன்று வேளைப் பிரார்த்தனையை ஒரு யூதர் வீட்டிலேயே சொல்லலாம். பத்துப் பேர் இல்லையென்றால் சில பகுதிகள்தான் விட்டுப்போகும்: யூத வேதமான தோராவின் சுருளை எடுத்து முறைப்படி வாசிப்பது, ‘பரிசுத்தர்’ என்று மும்முறை கூட்டாகச் சொல்வது, அப்புறம் துக்கத்தில் இருப்பவர் சொல்லும் காதிஷ் என்ற துதி. இந்தப் பத்துக்குப் பெயர் மின்யான். எண்ணிக்கை என்றே அர்த்தம்.

ஏன் பத்து? யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கானானை வேவு பார்க்க மோசே அனுப்பிய பன்னிரண்டு பேரில் யோசுவா, காலேப் தவிர மற்றவர்கள் திரும்பி வந்து ஜனங்களைக் கதிகலங்க வைத்துவிடுகிறார்கள். கடவுள் அவர்களைப் ‘பொல்லாத சபை’ என்கிறார். அப்படியானால் சபை என்றால் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டார்கள். புனிதமான காரியத்துக்கு அளவுகோல் பத்துப் பொல்லாதவர்கள்! ஒன்பது ரபிகள், அதாவது மத குருக்கள், கூடினால் மின்யான் ஆகாது, பத்துச் செருப்புத் தைப்பவர்கள் கூடினால் ஆகும் என்று ஒரு பழமொழியும் உண்டு.

ஒன்பது போதாதா என்று உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். ஒன்பது பேரோடு தோராச் சுருள் வைக்கும் பேழையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் தல்மூத் கால அறிஞர் ரவ் ஹூனா. “பேழை என்ன, ஆளா?” என்று மடக்கினார் இன்னொரு அறிஞர் ரவ் நக்மான். ரபி எலியேசர் ஒருமுறை ஜெப ஆலயத்துக்கு வந்தபோது பத்து தேறவில்லை. உடனே தன் அடிமையை விடுதலை செய்து எண்ணிக்கையை நிரப்பினார். பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதால் ஒருவனுக்குச் சுதந்திரம்!

காதிஷ்தான் இதில் முக்கியம். தாயையோ தந்தையையோ இழந்தவர் பதினோரு மாதம் அதைச் சொல்வார். பெரும்பாலும் அரமேய மொழி. சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, முழுக்க இறைவனின் புகழ். இடையிடையே மற்றவர்கள் ‘ஆமென்’ சொல்ல வேண்டும். அதனால் துக்கத்தில் இருப்பவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு கிடக்க முடியாது; எழுந்து போய் ஒன்பது பேர் நடுவே நின்றாக வேண்டும்.

சரி, மட்டாஞ்சேரிக்கு வருவோம். 1568-ல் கட்டிய ஆலயம் அது. இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்கள் பெரும்பாலும் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் எண்ணிக்கைக்கு வெளியூர்ப் பயணிகளை நம்ப வேண்டியதாயிற்று. நீலச் சித்திரம் தீட்டிய சீனத் தரை ஓடுகளின் மேல் வெறுங்காலோடு நின்று சரவிளக்கை அண்ணாந்து பார்க்கும் பையன் யூதன் என்றால், அவனும் ஒரு ஆள்.

எனக்கு உறுத்துவது இங்கேதான். யூதர்களில் கன்சர்வேட்டிவ் என்ற பிரிவினர் 1973-ல் பெண்களையும் எண்ணிக்கையில் சேர்க்க அனுமதித்தார்கள். பழைய மரபில் அது இன்றும் இல்லை. கொச்சி யூதர்களின் மலையாளப் பாட்டுகளை நோட்டுகளில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்தவர்கள் பெண்கள். அந்தப் பாட்டி கணக்கில் இல்லை. சுற்றுலா வந்த பதின்மூன்று வயதுப் பையன் உண்டு.