கன்சோலைத் திறந்தால் கம்பி எண்ணணுமா?

என் பழைய பிளேஸ்டேஷனில், காப்பி டிஸ்க்கையும் ஓட வைக்கும் மாட் சிப் இருக்கிறது அண்ணா. வம்பு வருமா?

சிப் இருக்கிறது என்பதற்காக மட்டும் தண்டிக்கும் பிரிவு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை தம்பி. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, கன்சோலில் உள்ள பாதுகாப்புப் பூட்டை எதற்காக உடைத்தாய் என்று கேட்கிறது. பதிப்புரிமையை மீறும் எண்ணம் இருந்தால் 2 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். நீயே எழுதிய கேமை ஓட்டிப் பார்க்க உடைத்தால் அது பாயாது. எத்தனை பேர் அதற்காகச் சிப் வைத்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை!

அந்தச் சிப் அப்படி என்னதான் செய்கிறது?

முதல் பிளேஸ்டேஷனின் அசல் டிஸ்க்கில் டேட்டா எழுதிய தடம் லேசாக நெளியும். அந்த நெளிவுக்குள் நான்கு எழுத்து ஒளிந்திருக்கும். எந்த நாட்டுக்கான டிஸ்க் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். வீட்டு சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. நான்கைந்து ஒயரில் ஒட்டிய சிப், அந்த எழுத்துகளைத் தானே அனுப்பிவிடும். கன்சோலும் நம்பிவிடும். நான் முதன்முதலில் பற்றவைத்தபோது போர்டையே கருக்கினேன், அது வேறு கதை.

இதே சிப்புக்காக ஆஸ்திரேலியாவில் ஸ்டீவன்ஸ் என்பவர் மீது, பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி வழக்குப் போட்டது. இந்தப் பூட்டு காப்பி எடுப்பதைத் தடுக்கவில்லை, எடுத்த காப்பியை ஆடுவதைத்தான் தடுக்கிறது என்று சொல்லி, 2005-இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஸ்டீவன்ஸ் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குக்கு காப்பி எடுத்து வைக்கலாமா சார்?

தொலைந்தால், கெட்டுப்போனால் உதவட்டும் என்று மட்டும் எடுக்கலாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. நண்பனின் டிஸ்க்குக்கு இது செல்லாது.

அமெரிக்காவில் இருக்கிறேன். கன்சோலின் டிஸ்க் டிரைவ் பழுது, நானே மாற்றலாமா?

அங்கே 1998-இன் டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, காப்பி எடுக்காவிட்டாலும் பூட்டை உடைத்ததே தப்பு. டிஸ்க் டிரைவைப் பழுதுபார்க்க மட்டும் 2021-இல் விலக்கு கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் பூட்டைப் பழையபடி போட்டுவிட வேண்டும்.

மாட் செய்ததால் ஆன்லைனில் ஆட விடாமல் தடை போட்டு 'பேன்' செய்துவிட்டார்கள். கேஸ் வருமா?

பேன் வேறு, கேஸ் வேறு. நீங்கள் படிக்காமல் ஓகே அழுத்திய ஒப்பந்தத்தின் விளைவு அது.

கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கில் நூறு கேம் போட்டுத் தருகிறார். தப்பு அவருடையதுதானே?

அவர் மீது நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு பாயும். திருட்டு காப்பி என்று தெரிந்தே ஆடினால் உங்களுக்கும் 63பி இருக்கிறது. லாபத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு, 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு நிறுத்தலாம்.