குழந்தையோடு கோவளம் போக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் பெங்களூரில் தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 1,18,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை 26,000, கார் கடன் தவணை 11,400, குழந்தைக் காப்பகம் 9,000, வீட்டுச் செலவு 28,000, ஊரில் என் பெற்றோருக்கு 8,000, எஸ்.ஐ.பி.யும் (மாதாந்திர மியூச்சுவல் ஃபண்டு முதலீடு) காப்பீடுமாக 10,000. மகளுக்கு 1 வயது 8 மாதம். அவளுடைய முதல் பிறந்தநாள் செலவில் கிரெடிட் கார்டில் நின்றுபோன பாக்கி இன்னும் 62,000 இருக்கிறது. மாதம் 5,000 கட்டி வருகிறோம்.

மூன்று மாதமாக இங்கே மப்பும் தூறலும்தான். காப்பகத்தில் ஒட்டும் சளி குழந்தையை விடவே இல்லை. நாலு நாள் நல்ல வெயிலில் கடற்கரையில் இருந்துவிட்டு வரலாம் என்று, சென்னைப் புறநகரில் உள்ள கோவளத்துக்கு அக்டோபர் விடுமுறையில் மாமியாரையும் அழைத்துக்கொண்டு போக நினைக்கிறோம். 2 வயதுக்குள் போனால் குழந்தைக்கு விமான டிக்கெட் மிச்சம் என்பதால் அவசரம். 4 இரவுக்கு ரிசார்ட் அறை வரியுடன் 52,000, விமானம் 24,000, டாக்ஸி 9,000, சாப்பாடும் மற்றதும் 12,000 என்று மொத்தம் 97,000 ஆகிறது. வங்கி 1 லட்சம் தனிநபர் கடன் தருகிறேன் என்கிறது (16 சதவிகிதம், 24 மாதம்). மகளுக்காகப் போட்டுவைத்த 1,50,000 ரூபாய் எஃப்.டி. (வங்கி நிரந்தர வைப்பு) என் பெயரில் இருக்கிறது. அதைத் தொட மனமில்லை. கணவருக்கு அலுவலகத்தில் எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப்படி) 40,000 உண்டு. வணிக வளாகத்தில் ஒருவர் 2,50,000 கட்டினால் 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரு வாரம் தங்கலாம் என்று ஒரு விடுமுறை உறுப்பினர் திட்டத்தையும் சொன்னார். கடனா, எஃப்.டி.யா, உறுப்பினர் திட்டமா? அல்லது போகாமலே இருந்துவிடுவதா?

பதில்: போய்விட்டு வாருங்கள், சகோதரி. இரண்டு பேரும் வேலைக்கு ஓடிக்கொண்டு, சளியோடு போராடும் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு நாலு நாள் ஓய்வு அநாவசியச் செலவு ஆகாது. அக்டோபரில் வேண்டாம், 97,000 ரூபாயிலும் வேண்டாம், கடனில் அறவே வேண்டாம். எஃப்.டி.யை உடையுங்கள். கோவளத்துக்காக இல்லை, கிரெடிட் கார்டுக்காக.

முதலில் அந்தக் கார்டைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் அதிகம் கவலைப்படாத விஷயம் அதுதான். பாக்கியை முழுதாகக் கட்டாதவர்களிடம் பெரும்பாலான கார்டுகள் மாதம் மூன்றரை சதவிகிதத்தை ஒட்டி வட்டி வாங்குகின்றன. 62,000 ரூபாய்க்கு அது 2,170. அந்த வட்டியின் மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 2,560. நீங்கள் கட்டும் ஐயாயிரத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகிறது. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக அந்தக் கார்டில் எது வாங்கினாலும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. டயப்பர் வாங்கினாலும் ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டினாலும், அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். பயணத்துக்கான எதையும் அந்தக் கார்டில் தேய்க்காதீர்கள்.

இப்போது எஃப்.டி. மகளுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் கைவைக்கத் தயங்கும் மனதை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். எஃப்.டி.யில் 62,000 ரூபாய் 7 சதவிகிதத்தில் ஆண்டுக்கு 4,340 சம்பாதிக்கிறது. அதே 62,000 கார்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 ரூபாயைத் தின்கிறது. மகளின் பணத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவளுக்குச் சேர வேண்டியதைத்தான் மாதாமாதம் கார்டு நிறுவனத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதிர்வுக்கு முன்பு எடுத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவிகிதம் வரை குறைப்பார்கள். இந்த வித்தியாசத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. பகுதித் தொகையை மட்டும் எடுக்க உங்கள் வங்கி அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முழுவதையும் முடித்து, 62,000 ரூபாயைக் கார்டில் கட்டிவிட்டு, மீதி 88,000 ரூபாயை அன்றே புது எஃப்.டி.யாகப் போடுங்கள். எடுத்ததைத் திரும்ப நிரப்பும் வழியைக் கீழே சொல்கிறேன்.

தனிநபர் கடனைப் பற்றிச் சுருக்கமாக: 1 லட்சத்துக்கு மாதத் தவணை 4,896 வரும். 24 மாதத்தில் வட்டி 17,500. பரிசீலனைக் கட்டணம் 2 சதவிகிதமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால் கூடுதல் செலவு 20,000 ரூபாயை நெருங்கும். நாலு நாள் விடுமுறைக்கு, மகள் பள்ளியில் சேரும் வயதுவரை தவணை கட்டுவீர்கள். வேண்டாம்.

2 வயதுக்குள் போயாக வேண்டும் என்ற அவசரம் விமானத்தைப் பற்றியது மட்டுமே. ரயிலில் தனி இருக்கை கேட்காவிட்டால் 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு டிக்கெட்டே இல்லை. விமானத்திலோ மடியில் அமரும் குழந்தைக்கும் ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பறக்கும் நேரம் ஒரு மணிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவனஹள்ளி விமான நிலையம்வரை போய், சோதனைகளைத் தாண்டி, காத்திருந்து, மீனம்பாக்கத்தில் பெட்டி வரும்வரை நின்றால் எப்படியும் ஐந்து மணி நேரம். வந்தே பாரத் நாலரை மணி நேரத்தில் சென்னை சென்ட்ரலில் விட்டுவிடும். நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தையை வைத்திருப்பவர்களுக்கு, ரயில் பெட்டியின் நடைபாதை எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை. சேர் கார் ஒரு ஆளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். பெரியவர்கள் மூவரும் போய்வர 6,000. விமானத்துக்கு வைத்திருந்த 24,000 ரூபாயில் 18,000 இங்கேயே மிச்சம்.

மாதத்தையும் மாற்றுங்கள். வெயில் தேடிப் போகும் நீங்கள் அக்டோபரில் அந்தக் கரைக்குப் போவானேன்? அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையின் காலம். அறைக்குள் உட்கார்ந்து மழையைப் பார்க்க வரியுடன் நாளுக்கு 13,000 கொடுப்பீர்கள். பொங்கல் கூட்டம் கலைந்தபின், பிப்ரவரி முதல் பாதியில் போங்கள். வெயில் இருக்கும், சித்திரை வெயிலின் கொடுமை இருக்காது. உங்கள் மகள் இன்னும் பள்ளி செல்லவில்லை என்பது உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி எதுவும் உங்களைக் கட்டுப்படுத்தாது. திங்கள் போய் வியாழன் திரும்பினால், அதே அறை வார இறுதியைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தச் சலுகை முடிந்துவிடும். அதுவரை பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அறை விஷயத்தில்தான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்வரை உள்ள விடுதி அறைக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி., அதற்கு மேல் போனால் 18 சதவிகிதம். 7,500 ரூபாய் அறைக்குக் கட்டுவது 7,875. 8,000 ரூபாய் அறைக்கு 9,440. விளம்பரத்தில் 500 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,565. இந்தக் கோடு ஒவ்வொரு அறைக்கும் தனித்தனியாகப் போடப்படுகிறது. ஆகவே 9,000 ரூபாய்க்கு ஒரு பெரிய குடும்ப அறை எடுத்தால் வரியுடன் 10,620. தலா 4,500 ரூபாயில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை எடுத்தால் 9,450.

காசு மட்டுமல்ல இதில் லாபம். 2 வயதுக் குழந்தை இரவு எட்டு மணிக்குத் தூங்கிவிடும். ஒரே அறை என்றால் விளக்கை அணைத்துவிட்டு, பெரியவர்கள் மூவரும் இருட்டில் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு அறை இருந்தால் உங்கள் மாமியாருக்கும் ஒரு தனிமை கிடைக்கும். ஒருநாள் மாலை அவர் பேத்தியைப் பார்த்துக்கொண்டால், நீங்களும் கணவரும் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வரலாம். கேட்க மறக்காதீர்கள்: தரைத்தளமா, தொட்டில் இலவசமா, காலை உணவு வாடகையில் அடங்குமா, குழைந்த பருப்பு சாதம் செய்து தருவார்களா.

நாளுக்கு 13,000 ரூபாய் ரிசார்ட்டில் அந்த விலை எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பா, நீர் விளையாட்டு, இரவு பஃபே. காலை ஏழு மணிக்கு எழுந்து, பதினொரு மணிக்குத் தூங்கி, மாலையில் மணலில் ஒரு மணி நேரம் அளைந்துவிட்டு எட்டு மணிக்குக் கண்ணயரும் குழந்தையோடு இதில் எதை அனுபவிப்பீர்கள்? மணல் எல்லோருக்கும் பொது. கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக் கொடிச் சான்று கிடைத்தது. சுத்தமும் கழிவறையும் பாதுகாப்பும் பார்த்துத் தரும் சான்று அது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற மரபு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய வீடுகளின் திண்ணைகளும் முற்றங்களும் குழந்தை ஓடியாட ஏற்ற இடம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைக் கவனியுங்கள். ஒருநாள் காலை மாமல்லபுரம் போனாலும், 15 வயதுக்குக் கீழ் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு நாளைக்கு ஓர் இடத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள். அந்தக் கடலில் இழுப்பு அதிகம், குழந்தையோடு அலைக்குள் இறங்கவே வேண்டாம்.

3 இரவுக்கு என் கணக்கு: அறைகள் 28,350, ரயில் 6,000, சென்ட்ரலிலிருந்து டாக்ஸி போகவர 3,500, சாப்பாடு 7,000, உள்ளூர் ஆட்டோவும் நுழைவுச் சீட்டும் 1,500. மொத்தம் 46,350. இதை 50,000 ஆக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3,650 மருத்துவருக்கும் மருந்துக்கும் தனியாக இருக்கட்டும். குழந்தைக்குக் கடைசி நேரத்தில் காய்ச்சல் வருவது சகஜம் என்பதால், சற்று விலை கூடினாலும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே அறையை எடுங்கள்.

அந்த 50,000 எங்கிருந்து வரும்? நீங்கள் எழுதியிருக்கும் செலவுகள் மொத்தம் 92,400. மீதி 25,600 இருக்க வேண்டும். அதில் 5,000 கார்டுக்குப் போனால், இன்னும் 20,600 எங்கே போகிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கோபித்துக்கொள்ளாமல் இருவரும் உட்கார்ந்து கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கைப் பாருங்கள். கார்டுக்கான 5,000 ரூபாயும் இனி மிஞ்சும் என்பதால், அந்த 25,600 ரூபாயில் சில்லறைச் செலவு எவ்வளவு போனாலும் 18,000 நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். சம்பளம் வந்த மறுநாளே 10,000 ரூபாயைப் பயணத்துக்குத் தனிக் கணக்கில் போடுங்கள். ஐந்து மாதத்தில் 50,000 சேர்ந்துவிடும். 8,000 மகளின் எஃப்.டி.க்கு ஆர்.டி.யாக (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு). எட்டு மாதத்தில் 64,000. எடுத்தது முழுதாகத் திரும்பிவிடும்.

எல்.டி.ஏ.வை நம்பித் திட்டமிட வேண்டாம். கணவர் புதிய வரி முறையில் இருந்தால் அந்த 40,000 முழுவதும் வரிக்கு உட்பட்டது. நீங்கள் பயணம் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான். பழைய முறையில் இருந்தால், நாலு ஆண்டுத் தொகுதிக்கு இரண்டு பயணங்களுக்கு விலக்கு உண்டு. 2026 முதல் 2029 வரை ஒரு தொகுதி. அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டுமே, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. மாமியார் கணவரைச் சார்ந்திருப்பவர் என்றால், 6,000 ரூபாய் ரயில் டிக்கெட்டுக்கு 20 சதவிகித வரி வரம்பில் செஸ்ஸும் சேர்த்து ஏறத்தாழ 1,250 மிச்சமாகும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

விடுமுறை உறுப்பினர் திட்டம்: கையெழுத்திடாதீர்கள். 2,50,000 ரூபாயை 7 சதவிகிதத்தில் போட்டாலே ஆண்டுக்கு 17,500 வரும். அசலும் உங்களிடமே இருக்கும். அங்கே அசலைக் கொடுத்துவிட்டு, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் கட்ட வேண்டும். தங்காத ஆண்டிலும் கட்ட வேண்டும், அது ஏறிக்கொண்டும் போகும். விற்பவர் வாயால் சொல்வதில் எதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று அந்த வணிக வளாகத்தின் இரைச்சலில் யாராலும் படித்துப் பார்க்க முடியாது. “இன்று மட்டும் இந்த விலை” என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். குழந்தைக்கு ஐந்து வயதில் என்ன பிடிக்கும், பதினைந்தில் எங்கே போக விரும்புவாள் என்று இன்றைக்கே விலை கட்டி வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அதனால் டிசம்பர் தொடக்கத்தில் தேதியை முடிவு செய்தால் போதும். அதற்கு முன்பு இந்த வாரமே செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. உங்கள் இருவர் அலுவலக மருத்துவக் காப்பீட்டிலும் மகளின் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை பிறந்தபின் பெயர் சேர்க்க மறந்துவிட்டு, மருத்துவமனை வாசலில் அதைத் தெரிந்துகொள்ளும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். சேர்ந்திருந்தால் அட்டையைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, சென்னையில் பணமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் கோவளத்துக்கு அருகில் உள்ளது எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சேரவில்லை என்றால் நாளைக் காலையே மனிதவளத் துறைக்கு எழுதுங்கள்.