வாசகர் கேள்வி – பதில்: கௌபாய் தொப்பியை உருவாக்கியவர் யார்?

கேள்வி: ஜெய்சங்கரின் கௌபாய் படங்களையும், சிவகாசியில் அச்சாகி வந்த சித்திரக்கதைகளையும் பார்த்து வளர்ந்தவன் நான். அவற்றில் வரும் அகன்ற விளிம்புத் தொப்பியை மாடு மேய்த்தவர்களே உருவாக்கினார்களா, அல்லது ஒரு நிறுவனம் அவர்களுக்கு விற்ற சரக்கா? – வாசகர், சங்கரன்கோவில்

பதில்: இரண்டுமே உண்டு. ஆனால் பெரும்பங்கு மேய்ச்சல் நிலத்துக்கே உரியது என்று உறுதியாகச் சொல்வேன். டெக்சாஸ் பகுதி ஸ்பெயினின் ஆட்சியிலும் பின்னர் மெக்சிகோவின் ஆட்சியிலும் இருந்த காலத்திலேயே, குதிரைமீது அமர்ந்து மாடுகளை ஓட்டிய வகேரோக்கள், முகத்துக்கும் பிடரிக்கும் நிழல் தரும் சோம்ப்ரேரோவை அணிந்தார்கள். கயிறு வீசி மாட்டைப் பிடிக்கும் வித்தையோடு அகன்ற தொப்பியையும் அமெரிக்க மேய்ப்பர்கள் அவர்களிடமிருந்தே பெற்றார்கள்.

இதை ஒரே மாதிரியாகச் செய்து நாடெங்கும் விற்றவர் ஜான் பி. ஸ்டெட்சன். நியூஜெர்சியில் 1830இல் தொப்பி செய்பவரின் மகனாகப் பிறந்த அவர், காசநோய் கண்டதால் உடல்நலம் தேடி மேற்கே போனார். கொலராடோவில் தங்கம் தேடி வந்தவர்களிடையே தங்கியிருந்தபோது, விலங்கின் மயிரைக் கொண்டு தமக்கென்று பெரிய தொப்பி ஒன்றைச் செய்ததாகவும், அதைக் கண்ட குதிரைக்காரர் ஒருவர் ஐந்து டாலர் பொற்காசு கொடுத்து வாங்கிப் போனதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், 1865இல் அவர் ஃபிலடெல்ஃபியாவில் தொழில் தொடங்கியது வரலாறு. உள்நாட்டுப் போர் முடிந்த அதே ஆண்டை ஒட்டித்தான், டெக்சாஸின் மாட்டு மந்தைகளைக் கன்சாஸின் ரயில் நிலையங்கள்வரை மாதக்கணக்கில் வெட்டவெளியில் ஓட்டிச் செல்லும் பெரும் பயணங்களும் பெருகின என்பதால், அவருடைய சரக்குக்குத் தேவை தானாகவே வந்து சேர்ந்தது.

ஸ்டெட்சன் விற்ற ‘பாஸ் ஆஃப் த பிளெயின்ஸ்’ என்ற அந்தத் தொப்பியை இன்று பார்த்தால் நமக்கு அடையாளம் தெரியாது. உச்சி உருண்டையாக, மடிப்பே இல்லாமல் இருந்தது. விளிம்பும் தட்டையாக இருந்தது. உச்சியிலுள்ள பள்ளங்களும் பக்கவாட்டு வளைவும் அணிந்தவர்களின் கைபட்டு உண்டானவை. வட்டாரத்துக்கு வட்டாரம் அவை வேறுபட்டன. நம் கரிசல் காட்டில் கிடை போடும் ஆட்டுக்காரர் சாக்கை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொள்வதைப் போல, கிடைத்த பொருளை வேலைக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்ட உழைப்பாளிகளின் அறிவு அது. அந்த அறிவுக்குக் காப்புரிமை இல்லை. ஆனாலும் பெருமை அவர்களையே சேர வேண்டும். நான்கு பக்கமும் அழுத்திய கூர் உச்சியோடு சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் அணிந்த தொப்பியும், கனடாவின் குதிரைப்படைக் காவலர் அணியும் தொப்பியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

படங்களில் காண்பதைப் போல மேற்கில் எல்லோரும் இதையே அணிந்தார்கள் என்று எண்ண வேண்டாம். லண்டனில் 1849இல் வேட்டைக்காடுகளின் காவலர்களுக்காகச் செய்யப்பட்ட பவுலர் என்னும் வட்டத் தொப்பியும் அங்கே மிகப் பரவலாக இருந்தது. புட்ச் கேசிடி என்ற கொள்ளைக்காரர் தம் கூட்டாளிகளோடு 1900இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் எடுத்துக்கொண்ட புகைப்படத்தில், ஐவர் தலையிலும் இருப்பது பவுலர்தான்.

கேள்வி: மயிரால் செய்த தொப்பி மழையைத் தாங்குமா? – வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நன்றாகவே தாங்கும். இது நெய்த துணியன்று. பீவர், முயல் போன்றவற்றின் நுண்மயிரில் செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, நூலோ தையலோ இல்லாத ஃபெல்ட் ஆகின்றன. பீவர் மயிரில் செய்த உயர்ந்த வகையில் நீர் எளிதில் ஊடுருவாது. தொப்பியில் தண்ணீர் ஏந்திக் குதிரைக்குக் கொடுக்கும் மேய்ப்பனின் ஓவியத்தை ஸ்டெட்சன் நிறுவனம் விளம்பரமாகவே பயன்படுத்தியது.

ஆனால் இதற்குத் தொழிலாளர்கள் கொடுத்த விலை கொடியது. மயிர் எளிதில் சிக்கிக்கொள்வதற்காகப் பாதரச உப்பில் அதை ஊறவைக்கும் முறை நெடுங்காலம் இருந்ததால், அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் கைநடுக்கமும் மனக்குழப்பமும் கொண்டு வாழ்நாளெல்லாம் துன்புற்றார்கள். தொப்பித் தொழிலுக்குப் பெயர்பெற்ற டேன்பரி நகரில் அந்த நடுக்கம் ஊர்ப் பெயராலேயே அறியப்பட்டது. அமெரிக்காவில் இம்முறைக்குத் தடை வந்தது 1941இல்தான். தீங்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரிந்திருந்தும் இத்தனை தாமதம் ஏற்பட்டதை என்னால் மன்னிக்க இயலவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் ஆடிக் காற்றில் இந்தத் தொப்பி தலையில் நிற்குமா? – வாசகர், பணகுடி

பதில்: கயிறு இல்லாமல் நிற்காது. குதிரைப் பாய்ச்சலில் பறந்துவிடாமலிருக்க மேய்ப்பர்களும் தாடைக்குக் கீழே கயிறு கட்டிக்கொண்டார்கள். வாங்குவதாயின் கயிறுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபெல்ட் நம் வெயிலுக்குப் புழுங்கும் என்பதால், அங்கேயே கோடையில் அணியும் வைக்கோல் வகையைத் தேர்ந்தெடுங்கள்.