சித்திரை வெயிலில் பால் இறங்கினால் மாட்டை விற்கலாமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டம். இரண்டு ஜெர்சிக் கலப்பு மாடு, ஒரு காங்கேயம் பசு. மாசி வரை வேளைக்கு 5 லிட்டர் கறந்த ஜெர்சி, இப்போது 3 லிட்டர்தான் தருகிறது. மூன்று தடவை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. தீவனக் கம்பெனியை மாற்றியும் பலனில்லை. ஜெர்சியை விற்றுவிட்டுக் காங்கேயமாகவே வாங்கலாமா? மேய்ச்சல் நிலமான கொறங்காட்டை உழுது சோளம் போடலாமா?

பதில்: விற்பதைக் கடைசியில் பேசுவோம். முதலில் விடியற்காலை 5 மணிக்குக் கட்டுத்தறிக்குப் போய், மாட்டை எழுப்பாமல் நின்று, விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். மதியமும் அதேபோல் எண்ணுங்கள். மதியத்தில் 60-ஐத் தாண்டினால் வெயில் வாட்டுகிறது. விடியற்காலையிலும் அப்படியே மேல்மூச்சு வாங்கினால் ராத்திரிகூட உடம்பு ஆறவில்லை. பகல் வெயில் நமக்குப் பழகியதுதான். பருவநிலை மாறிவருவதில் மாட்டை அதிகம் படுத்துவது, ஆறாமல் கிடக்கும் இந்த இரவுப் புழுக்கம்.

மாட்டின் பெருவயிறு ஓர் அடுப்பு. தின்றது அங்கே நொதிக்கும்போது சூடு கிளம்பும், தின்ற சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். காலை 10 மணிக்குச் சோளத்தட்டைப் போட்டால், வெயில் உச்சியில் இருக்கும்போது உள்ளேயும் சூடு ஏறும். அதனால்தான் மாடு தீவனத்தை ஒதுக்குகிறது, பாலும் இறங்குகிறது. கம்பெனியை மாற்றி என்ன ஆகும்? நேரத்தை மாற்றுங்கள். தட்டு, வைக்கோலில் முக்கால் பங்கை சாயங்காலம் 6 மணிக்கு மேல் போடுங்கள். அடர்தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் வையுங்கள். அதில் நாளுக்குத் தாது உப்புக் கலவை 50 கிராம், சமையல் சோடா 50 கிராம், கொஞ்சம் கல்லுப்பு. வெயிலுக்குக் குளிர்ச்சி என்று விருந்து வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கூடை கூடையாகக் கொட்டுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம். வயிறு புளித்து மாடே போய்விடும்.

அப்புறம் தண்ணீர். கறவை மாடு கோடையில் நாளுக்கு 80 லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும். ஆனால் மதியம் மேல்தொட்டிக் குழாயைத் திறந்தால் கை சுடும் தண்ணீர்தான் வரும். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வேப்பமரத்து அடியில் ஒரு தொட்டி கட்டி, விடியற்காலையிலேயே நிரப்பி வையுங்கள்.

தகர ஷீட் கொட்டகை என்றால் மேலே தென்னந்தடுக்கு பரப்புங்கள். மதியம் முதுகில் தண்ணீர் தெளிப்பது நல்லது, ஆனால் காற்று ஓட வேண்டும். நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில் தெளித்தால் புழுக்கம்தான் கூடும்.

சினை விஷயத்துக்கு வருகிறேன். வெயில் காலத்தில் மாடு கத்தாது, பருவ அறிகுறி மங்கலாக, பெரும்பாலும் ராத்திரியில் வந்து போய்விடும். ராத்திரி 10 மணிக்கும் விடியலிலும் பின்புறத்தில் சளி போலத் தெளிந்த வழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். காலையில் கண்டால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. ஊசி போட்ட பிறகு ஒரு வாரமாவது உச்சி வெயிலில் கட்டாதீர்கள். உடம்புச் சூட்டில் கரு தங்காது.

கொறங்காட்டில் ஏரைப் பூட்டாதீர்கள். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்யும் பகுதி உங்களுடையது. அதுவும் இப்போதெல்லாம் சேர்ந்தாற்போல் நாலு நாள் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. கொழுக்கட்டைப்புல் ஒரு மழைக்கே துளிர்க்கும், வெள்வேல மரம் நிழலும் தரும், காயும் தரும். கிளுவை வேலியோடு அதை அழித்தால் திரும்பக் கொண்டுவர வருஷக்கணக்கில் ஆகும். சோளம் வேண்டுமானால் தண்ணீர் பாயும் இடத்தில் போடுங்கள். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்திலும், வாடிக் கிடந்து மழைக்குத் துளிர்த்த குருத்திலும் விஷம் ஏறியிருக்கும். தின்ற மாடு நுரை தள்ளி, தள்ளாடி, சில நிமிடங்களில் விழுந்துவிடும். உடனே டாக்டர் வந்தால்தான் உண்டு. பூ எடுத்த பிறகு அறுத்துப் போட்டால் பயமில்லை.

சரி, விற்கலாமா? காங்கேயம் வெயிலைத் தாங்கும், காய்ந்த புல்லிலும் வாழும். ஆனால் நாளுக்கு 2, 3 லிட்டர்தான் கறக்கும். உங்கள் ஜெர்சி இந்தக் கோடையிலும் இரண்டு வேளையும் சேர்த்து 6 லிட்டர் தருகிறது. சொசைட்டிப் பாலை நம்பிக் குடும்பம் நடக்கிறது என்றால் விற்காதீர்கள். அதுவும் சித்திரையில் வேண்டாம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும் ஊரே மாட்டைச் சந்தைக்கு ஓட்டியதில் விலை என்ன ஆனது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். காங்கேயத்தில் ஆசை இருந்தால் கண்ணபுரம் சந்தையில் ஒரு கிடாரி வாங்கிக் கொறங்காட்டில் விடுங்கள். ஜெர்சிக்கு அடுத்த ஊசி போடும்போது, சுத்த ஜெர்சி வேண்டாம், கலப்பு ஜெர்சிக் காளையின் ஊசி வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அயல் ரத்தம் பாதியோடு நின்றால் கன்று நம் வெயிலைக் கொஞ்சம் தாங்கும். பால் கூடும் என்று ஃப்ரீஷியன் என்ற இன்னொரு அயல் இனத்தின் பக்கம் போக வேண்டாம். அதற்கு ஜெர்சியைவிட வெயில் ஆகாது.