பேக்கப் இருக்கும்போது ஆவணக் காப்பு எதற்கு?

கேள்வி: எங்கள் அலுவலகக் கணினிகளின் தரவுகள் தினமும் இரவில் பேக்கப் எடுக்கப்படுகின்றன. அப்படியிருக்க, பழைய கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் தனியாகப் பாதுகாக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். பேக்கப் என்பது, வட்டு பழுதானாலோ கோப்பு தவறுதலாக அழிந்தாலோ நேற்றைய நிலைக்குத் திரும்புவதற்கான பிரதி. குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு பழைய பிரதியை நீக்கிவிட்டுப் புதியதை எழுதுவதே வழக்கம். 30 நாள் சுழற்சி உள்ள அலுவலகத்தில், ஜனவரியில் யாரோ அழித்துவிட்ட ஒப்பந்தத்தை ஜூன் மாதம் தேடினால், அது பேக்கப்பிலும் இருக்காது. இத்தனைக்கும், ஒவ்வோர் இரவும் பேக்கப் வெற்றிகரமாக முடிந்ததாகவே அறிக்கை வந்திருக்கும்!

ஆவணக் காப்போ, அன்றாடப் பயன்பாடு முடிந்த பதிவை, அதன் தேதி, உருவாக்கியவர், எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் போன்ற விவரங்களோடு, யாரும் திருத்த முடியாதபடி ஒதுக்கி வைப்பதாகும். கோப்பு மாறவில்லை என்பதை உறுதிசெய்ய, அதன் செக்சம் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண்ணை) குறித்துவைத்து அவ்வப்போது ஒப்பிடுவார்கள்.

உண்மையான சிக்கல், பிற்காலத்தில் அதைப் படிக்க முடியுமா என்பதுதான். தரவைச் சேமிக்கும் காந்த நாடா வகையான எல்.டி.ஓ. பல்லாண்டுகள் தாங்கினாலும், எட்டாம் தலைமுறைக் கருவியால் ஏழாம் தலைமுறைக்கு முந்தைய நாடாக்களைப் படிக்க முடியாது என்பதால், உரிய காலத்தில் தரவைப் புதிய நாடாவுக்கு மாற்றியாக வேண்டும். கோப்பு வடிவங்களுக்கும் இதே கதிதான். எழுத்துருக்களையும் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் பி.டி.எஃப்./ஏ வடிவம், 2005-இல் ஐ.எஸ்.ஓ. 19005 என்ற சர்வதேசத் தரமாக வெளிவந்தது இதற்காகவே. அப்படிச் சேமித்த ஆவணக் காப்புக்கும் வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி வைத்திருங்கள்.